டமாலின் கையிலிருந்து விழுந்தவை

பூமிக்கு இழுக்கும் சக்தி இருக்கிறது என்பது நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தெரிந்த சங்கதி. வாத்தியார் சொன்னார், பரீட்சையில் எழுதினோம், மறந்தோம். அதை அப்படியே நம்பிவிடாமல், தினமும் இரண்டு வேளை தானே போட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்ட ஒரே ஒரு மனிதனை எனக்குத் தெரியும். அவன் பெயர் டமால். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது, கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டது. ஒரகடத்தில் எங்கள் லைன், கேன்டீன், கம்பெனி பஸ், வடக்குப்பட்டில் நாங்கள் குடியிருந்த மாடி அறை, கீழ்வீட்டு ஓனரம்மா, எதிர் டீக்கடை, எல்லா இடத்திலும் அவன் டமால்தான்.

இரண்டு வருடம் அவனோடு ஒரே அறையில் இருந்தேன். அதனால் இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் ஒருமுறை மேலே பார்ப்பேன். "அடுத்தவங்க வீட்டு ஒட்டடைய ஏன் எண்ணுறீங்க?" என்று என் மனைவி ரகசியமாகக் கிள்ளுவாள். ஒட்டடையை யார் எண்ணினார்கள்? மேலிருந்து ஏதாவது வருகிறதா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் பிறவிப் பதற்றக்காரன். அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று பார்த்துவிட்டு, பார்த்தேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பவன். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் டிரைவர் தூங்கிவிடக் கூடாதே என்று வழி முழுக்க அவருக்காக நான் விழித்திருப்பேன். இப்படிப்பட்டவனுக்கு அப்படிப்பட்டவனை அறைத்தோழனாக அனுப்பி வைத்துவிட்டு, கடவுள் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

எங்கள் கம்பெனியில் கார் சீட்டைத் தரையோடு பிடித்துவைக்கும் பிராக்கெட் செய்தார்கள். இருவரும் இரண்டு வருட டிரெய்னிகள். நான் அளந்து பார்க்கும் குவாலிட்டி டிபார்ட்மென்ட், அவன் போல்ட் முடுக்கும் லைன். அந்த லைனில் ஒரு சட்டம் உண்டு. கை தவறி ஒரு பொருள் கீழே விழுந்தால், குனிந்து எடுத்துத் துடைத்துத் திரும்ப லைனில் வைக்கக் கூடாது. பார்க்கப் புத்தம்புதிதாக இருந்தாலும் கூடாது. உள்ளே எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் நேராகச் சிவப்புத் தொட்டி. பக்கத்தில் தொங்கும் தாளில் பெயர், டோக்கன் நம்பர், விழுந்த நேரம். விழுந்தது விழுந்ததுதான், அதற்கு மறுவாழ்வு கிடையாது.

முதல் நாள் பயிற்சியில் சூப்பர்வைசர் இதை விளக்க ஒரு போல்ட்டைத் தூக்கிப் பிடித்துக் கீழே விட்டார். அது விழுந்து உருண்டு மேஜைக்கடியில் போனது.

"இப்ப இன்னா பண்ணணும்?"

"சிவப்புத் தொட்டில போடணும் சார்!" என்று முப்பது பேரும் கோரஸ் பாடினோம். கோரஸ் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் தனியாக வந்தது.

"சார், இன்னொரு வாட்டி போடுங்களேன். அது எங்கிட்டு உருண்டுச்சுன்னு பாக்க விட்டுட்டேன்."

"நக்கலா?"

"நெசமாத்தான் சொல்லுதேன் சார். விழுதப்ப தலை கீழ இருந்துச்சு. அப்படின்னா வட்டமடிச்சுல்லா உருளணும்? இது நேரா போயிட்டு."

சூப்பர்வைசர் அவனை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இன்னொரு போல்ட்டை எடுத்துப் போட்டார். மூன்றாவது போல்ட்டுக்கு அவரே குனிந்து, மேஜைக்கடியில் தலையை விட்டுப் பார்த்தார். பயிற்சி முடிவதற்குள் சிவப்புத் தொட்டியில் ஏழு போல்ட் சேர்ந்துவிட்டது. தாளில் ஏழு இடத்திலும் அவருடைய பெயரையே எழுத வேண்டியதாயிற்று. "யார்ரா அவன், டமால் டமால்னு போட வெச்சவன்?" என்று மறுநாள் தேடிக்கொண்டு வந்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவனுக்கு ஊர் அம்பாசமுத்திரம். மாமாவின் பாத்திரக்கடையில் வளர்ந்தவன். பக்கத்து அறையில் எது விழுந்தாலும் திரும்பிப் பார்க்காமல் "ஈயம் பூசாத பித்தள" என்றோ "குழம்புக் கரண்டி, காம்பு லூசு" என்றோ சொல்வான். சரியாக இருக்கும். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு அவன் ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருந்தான். மேலிருந்து போல்ட், டம்ளர், கரண்டி, சோப்பு எல்லாம் விழும். போனைச் சாய்த்துச் சாய்த்துக் கீழே நகரும் தொட்டியில் பிடிக்க வேண்டும். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் அவனுக்குப் பிடிப்பது முக்கியமில்லை, விழுவதுதான் முக்கியம். விழுகிற பொருள் அந்தப் பொருளாகவே விழ வேண்டும் என்பான். சோப்பு சோப்பாக விழ வேண்டும், டம்ளர் டம்ளராக விழ வேண்டும்.

அதற்காக முதல் ஷிப்ட் முடிந்து மதியம் மூன்று மணிக்கு அறைக்கு வந்ததும் ஆரம்பித்துவிடுவான். ஸ்டூல் மேல் ஏறி நிற்பான். கையில் ஏதாவது இருக்கும். எதிரே செங்கல்மேல் சாய்த்துவைத்த போன் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு நோட்டில் பொருள், உயரம், எத்தனை குதி, எங்கே நின்றது என்று நான்கு கட்டம். "எலுமிச்சம்பழம்: மூணு குதி, கட்டிலுக்கடியில். முறுக்கு: குதிக்கவில்லை, உடைந்தது, சாப்பிட்டாச்சு. துணி சோப்பு, பாதி கரைந்தது: விழுந்த இடத்திலேயே உட்கார்ந்தது." நான் சுவரோரம் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு, தலைக்குமேல் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் தரைதான் ஓனரம்மாவுக்குக் கூரை. மூன்றாம் வாரம் அவர் மேலே ஏறி வந்துவிட்டார்.

"இன்னாபா பண்ணிகினு கீறீங்க மேல? உலக்க போட்டு இடிக்கிறீங்களா? சோத்துத் தட்டுல காரை வுழுதுபா!"

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் டமால் முந்திக்கொண்டான். "எவ்வளவு பெரிய காரைம்மா? நேரா விழுந்துச்சா, சுத்திக்கிட்டே விழுந்துச்சா?"

ஓனரம்மா என்னைப் பார்த்தார். "இவனுக்கு இன்னா?" என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்கும் தெரியாது என்று நான் பார்வையாலேயே சொன்னேன்.

அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார்க் குண்டான் விழுந்தது. காலிக் குண்டான்தான். ஆனால் விழுந்த சத்தத்தில் கீழே ஓனரம்மா கையிலிருந்த காப்பி டம்ளரும் விழுந்துவிட்டது. டமால் உண்மையாகவே வருந்தினான். கம்பெனியில் ஏதாவது தப்பு நடந்தால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டுப் பதில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். ஆங்கிலத்தில் 'ஏன்-ஏன்' என்கிற அர்த்தத்தில் ஒய்-ஒய் என்று அதற்குப் பெயர். பரிகாரம் அதுதான் என்று முடிவுகட்டி, ஒரு முழுத்தாளில் எழுதி ஓனரம்மா வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வந்தான்.

"ஏன் விழுந்தது? கையை விட்டதால். ஏன் கையை விட்டது? விடுவதற்காகத்தான் தூக்கியது. ஏன் தூக்கியது? எப்படி விழுகிறது என்று பார்க்க. ஏன் பார்க்க வேண்டும்? பார்க்காமல் செய்தால் கேமில் பலூன் மாதிரி விழுகிறது. ஏன் பலூன் மாதிரி விழுகிறது? தெரியவில்லை. எனவே மறுபடி போட்டுப் பார்க்கப்படும். நிரந்தரத் தீர்வு: பாய் விரிக்கப்படும்."

ஓனரம்மா அதைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்தார். "தீர்வுனு போட்டுட்டு மறுபடி போடுவேன்னு எழுதி வெச்சிகீறியே, நீ நல்லவனா கெட்டவனாபா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "வெரிசல் மட்டும் வுட்டுச்சுனு வெய்யி, ரெண்டு பேரும் பொட்டியக் கட்டிகினு கெளம்ப வேண்டியதுதான்" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஓனரம்மா கோலம் போடும் நேரத்தில் நான் கீழே நின்று அவர் வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாயிற்று. பழைய விரிசல்களைப் பென்சிலால் குறித்துக்கூட வைத்திருந்தேன்.

அந்தப் பலூன் விவகாரம் உண்மையிலேயே பெரிய தலைவலி. டிப்ளமோ படிக்கும்போது கிடைத்த லேப்டாப்பில் பிசிக்ஸ் எஞ்சின் என்று ஒன்றை வைத்திருந்தான். பொருளின் எடை, உரசல், குதிக்கும் தன்மை மூன்றையும் சொல்லிவிட்டால் மிச்சத்தை அதுவே கணக்குப் போட்டு விழவைக்கும். இவனும் எல்லாம் சொன்னான். ஆனால் போல்ட் ஆடி அசைந்து, ஊருக்குப் போக மனமில்லாத மாப்பிள்ளை போல இறங்கியது. எடையைக் கூட்டினான், அப்படியே இறங்கியது. இருபது நாள் போராடினான். சாப்பாட்டுத் தட்டில் அப்பளத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தான்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நான் எட்டிப் பார்த்தேன். போல்ட்டின் நீளம் 40 என்று இருந்தது. டிராயிங்கில் யூனிட் என்ன என்று தெரியாமல் அளக்கக் கூடாது என்பது எங்கள் டிபார்ட்மென்டின் முதல் பாடம்.

"நாப்பது என்ன? மில்லிமீட்டரா?"

"ஸ்கிரீன்ல நாப்பது புள்ளி."

"அது உனக்கு. அந்த எஞ்சினுக்கு?"

டமால் லேப்டாப்பை மடியில் இழுத்துவைத்துத் தேடினான். விஷயம் இதுதான். எஞ்சின் அதை நாற்பது மீட்டர் என்று எடுத்துக்கொண்டிருந்தது. பத்து மாடிக் கட்டடத்தைவிட உயரமான போல்ட்! அவ்வளவு பெரிய பொருள் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் மெதுவாக விழுவதுபோலத் தெரியும். "ஏல! நீ மனுசன்ல!" என்று என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். உயரத்தில் இருந்தபோது எனக்கு ஒரே பயம், இவன் எதைத் தூக்கினாலும் போடுவானே என்று.

அளவைச் சரிசெய்ததும் போல்ட் போல்ட்டாக விழுந்தது. ஒரேயொரு குறை, விழுந்த வேகத்தில் தரையைத் தாண்டிக் கீழே போய்விட்டது. எஞ்சின் நொடிக்கு அறுபது தடவைதான் எட்டிப் பார்க்குமாம். இரண்டு பார்வைக்கு நடுவில் போல்ட் மெல்லிய தரையைக் கடந்துவிட்டால், நடுவே தரை இருந்ததே அதற்குத் தெரியாதாம். இதைக் கேட்டதிலிருந்து நான் எங்கள் அறைத் தரையில்கூடப் பதமாகத்தான் கால் வைத்தேன். தரையைத் தடியாக்கி அதையும் சரிசெய்தான். அடுத்ததாக, தொட்டியில் சேர்ந்த பொருட்கள் சும்மா கிடக்காமல் ஒன்றன்மேல் ஒன்று நடுங்கிக்கொண்டே இருந்தன.

"எல்லாம் உன்ன மாதிரியே கெடக்குல. சும்மா இருக்கதுக்கும் நடுங்குது" என்றான்.

"அதுங்களுக்கும் ஏதாவது கவலை இருக்கும்" என்றேன். எனக்கு என்னவோ அந்த டம்ளர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

டிரெய்னி காலம் முடிய ஒரு மாதம் இருந்தது. முடிந்தால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள், அடுத்த பேட்ச் வந்துவிடும். டமாலின் மாமா பாத்திரக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அவனுக்கென்று நாற்காலியே போட்டுவிட்டார். "அந்த நாற்காலில உக்காந்தா எந்திரிக்க முடியாதுல. எங்க அண்ணன் உக்காந்தான், இன்னும் எந்திரிக்கல" என்றான் டமால். அவன் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அப்போதுதான், அவன் வேலைக்கு எழுதிப் போட்டிருந்த சென்னையின் ஒரு சின்ன கேம் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வரவும், செய்த கேமைப் போனில் கொண்டுவரவும், பொருட்கள் விழுவதைப் பார்த்தால் கனம் தெரிய வேண்டும். டமால் அந்தக் கடைசி வாக்கியத்தை ஏழெட்டுத் தடவை படித்தான். கனம் தெரிய வேண்டும்! அவனுக்காகவே எழுதியது போலிருந்தது.

எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. தட்டையான பொருள் மூலை முதலில் பட்டு விழுந்தால் பொய்யாக இருந்தது. டிபன் பாக்ஸ் மூடி, ஓடு, புத்தகம் எதைக் கேமில் விழவிட்டாலும், மூலை பட்டதும் துள்ளி எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மெதுவாகப் படுத்தது. "டான்ஸ் ஆடுதுல. இதுல கனம் எங்க இருக்கு?" என்று முனகினான். அறையில் போட்டுப் பார்த்தால் மூலை பட்டு விழவே மாட்டேன் என்று எல்லாம் சப்பையாக விழுந்தன. வேண்டும் என்கிறபோது எதுதான் நடக்கிறது?

கேம் ஓடக்கூடிய போன் எங்களிடம் ஒன்றுதான், அவனுடையது. என்னுடையது பட்டன் போன். வியாழக்கிழமை அவன் ஸ்டூல்மேல் நின்று யோசித்தபடி அந்தப் போனையே உயரத் தூக்கிப் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"திங்கக்கிழமை வரைக்கும் இது என்கிட்ட இருக்கும்."

"நீ எதுக்குல?"

"நீ எதையாவது கீழ போடாத நாள் உண்டா? நான் எதையாவது போட்ட நாள் உண்டா?"

இரண்டு வருடத்தில் சிவப்புத் தொட்டித் தாளில் என் பெயர் ஒருமுறைகூட ஏறியதில்லை. போனைச் சட்டைப்பையில் வைத்து, அதன்மேல் கைக்குட்டையைத் திணித்து அடைத்துக்கொண்டேன். மூன்று நாள் மார்பில் கை வைத்தபடியே நடந்தேன். "இன்னாபா, நெஞ்சு வலியா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வல்லக்கோட்டை முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். போனை அறையில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, யாராவது திருடிவிட்டால்? அதனால் போனும் வந்தது. கோயில் வாசலில் யாரோ சிதறுகாய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். டமால் அங்கேயே ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டான்.

"போனைக் குடுல. ஒரே ஒரு காய் உடையுதத வீடியோ எடுத்துக்கிடுதேன்."

"செத்தாலும் தரமாட்டேன்."

உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். நல்ல கூட்டம், நல்ல புழுக்கம். கொடிமரத்தருகே நின்று கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். முருகா, இந்தப் போனுக்கு ஒன்றும் ஆகாமல் நாளைக் காலை பதினொரு மணிவரை காப்பாற்று என்று மனமுருகி வேண்டிக்கொண்டு, விழுந்து கும்பிடக் குனிந்தேன்.

டக். படார்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை. கருங்கல் தரை. இடுப்பு உயரம்தான் இருக்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது போன் முகம் குப்புறக் கிடந்தது. அதன் பக்கத்திலேயே, கன்னம் தரையில் பட, டமால் குப்புறக் கிடந்தான். அவன் பக்தியைப் பார்த்து ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகிப் போனார்.

"ஏல... பாத்தியா?" என்றான் தரையிலிருந்தே.

"பாக்கலடா. கண்ண மூடிட்டேன்."

"பாக்க விட்டுட்டியே! மூலை பட்டுச்சுல. ஆனா எந்திரிக்கல! பட்ட வேகத்துல மறுபக்கம் வந்து அறையுது. மேல எந்திரிக்கிற வேகமெல்லாம் அறையிறதுக்குப் போயிருது. இதத்தான் நான் டான்ஸ் ஆட விட்டுட்டு இருந்தேன்." எழுந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் வெளிச்சம். "இன்னொரு வாட்டி போடுதியா?"

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், கொடிமரத்தடியில், விசும்பி அழுதேன். இரண்டு வருடம் ஒரு போல்ட்டைக்கூடக் கீழே போடாதவன், போடவே கூடாத ஒன்றைப் போட்டுவிட்டேன். போனைத் திருப்பினால் கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை. மேல்பாதியில் தொட்டால் வேலை செய்யவில்லை. கேமைத் தொடங்கும் பொத்தான் இருந்தது மேல்பாதியில்.

"ஒனக்கு அடி படலைல்லா?" என்றான் டமால். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

அறைக்குத் திரும்பினால் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்றும் தெரியாது. லேப்டாப் பேட்டரி பத்து நிமிடம் தாங்கும். பொத்தானைக் கீழே மாற்ற வேண்டும், மூலை பட்டதும் மறுபக்கம் வந்து அறைவதைச் சேர்க்க வேண்டும், திரும்பப் போனில் ஏற்ற வேண்டும். நான் படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடி அழ ஆரம்பித்தேன். ஓனரம்மா வெளியே வந்தார்.

"இன்னாத்துக்குபா அழுவுற?"

எல்லாவற்றையும் கொட்டினேன். மெயில், திங்கட்கிழமை, பாத்திரக்கடை, கோயில், கரண்ட். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வேல கெடச்சா அவன் ரூம காலி பண்ணிகினு பூடுவானா?"

"ஆமாம்மா. சென்னைக்குப் போயிடுவான்."

"அப்ப இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற? கூப்புடு அவன! வூட்ல இன்வெர்ட்டர் கீது. ஃபேனு, டிவி எல்லாத்தையும் நிறுத்திடறேன். மொதல்ல அத்த முடிக்கச் சொல்லு!"

டமால் ஓனரம்மாவின் ஹாலில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். ஓனரம்மா பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்துவிட்டார், அவனுக்கல்ல, லேப்டாப்புக்கு விசிறினார். மூலை தட்டும் சத்தத்துக்கும் மறுபக்கம் அறையும் சத்தத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அவனுக்குக் காதால் கேட்க வேண்டியிருந்தது. மேலே நான். கையில் டிபன் பாக்ஸ் மூடி.

"மாப்ள! மூலை பட விடு!" என்று கீழிருந்து கத்தினான்.

விட்டேன். அதிசயமாக மூலையே பட்டது. கீழே சத்தமே இல்லை. பயந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். டமால் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உறைந்திருந்தான். மடியில் கொஞ்சம் காரை உதிர்ந்து கிடந்தது.

"இத்தான்பா நான் ரெண்டு வருசமா கேட்டுகினு கீறேன்" என்றார் ஓனரம்மா.

"அம்மா... மன்னிச்சுக்கிடுங்கம்மா. எனக்குத் தெரியாம போயிட்டு."

"அத்த அப்பறம் சொல்லிக்கலாம். கணக்கு வந்துச்சா இல்லியா? இன்னொரு தபா போடச் சொல்லு."

மொத்தம் பதினோரு தடவை மூடியைப் போட்டேன். கடைசி ஐந்து ஓனரம்மாவே மேலே பார்த்து "போடுபா!" என்று உத்தரவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. பொத்தானே வேண்டாம், போனைக் குலுக்கினால் கேம் தொடங்கும்படி மாற்றிவிட்டான்.

திங்கட்கிழமை வயிற்றுவலி என்று லீவ் சொன்னேன். பஸ்ஸில் போனை டமாலே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். "நீயே வச்சுக்கிடு" என்று என் சட்டைப்பையிலேயே போட்டான். அது என்னைச் சமாதானப்படுத்தவா, தண்டிக்கவா என்று தாம்பரம்வரை யோசித்தேன்.

கேம் கம்பெனியில் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேர். மூத்தவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, இப்படி உடைஞ்சிருக்கு?" என்றார்.

"விழுந்துட்டு சார்" என்றான் டமால். யார் போட்டது என்று சொல்லவில்லை.

டமால் சொன்னபடி அவர் போனைக் குலுக்கினார். கரண்டி விழும் சத்தம், டம்ளர் உருளும் சத்தம். பிறகு 'டக், படார்'. அந்த நொடியில் நான் கதவிடுக்கு வழியாக ஒன்று பார்த்தேன். மேஜைக்கடியில் அந்த மனிதர் சடாரென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கையளவு திரையில் விழுந்த டிபன் பாக்ஸ் மூடிக்குப் பயந்து, நிஜக் கால்! தானே அதைக் கவனித்துவிட்டு ஒரு மாதிரி சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நம் ஆள் சும்மா இருந்தால்தானே?

"நல்லா இருக்கு. ஒண்ணுதான். தவறவிட்டதை ஏன் திரும்ப எடுக்க முடியல? தரையில பட்டதும் ஏன் சிவப்புத் தொட்டிக்குப் போகுது?" என்று கேட்டார் மூத்தவர்.

"கீழ விழுந்தத எடுத்து லைன்ல வைக்கப் பிடாது சார்."

"எந்த லைன்ல?"

"உள்ள விரிசல் இருக்கும் சார். கண்ணுக்குத் தெரியாது. சீட்டுல உக்காருத ஆளோட உசுரு சம்பந்தப்பட்டது."

"தம்பி, இது சோப்பு."

"சோப்பா இருந்தாலும் சட்டம் சட்டந்தான சார்."

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. ஒரு கட்டத்தில் அவன் வெள்ளைப் பலகையில் ஒய்-ஒய் எழுத ஆரம்பித்துவிட்டான். வெளியே நான் நகம் கடித்து, கடிக்க நகம் தீர்ந்து, விரலைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒப்புக்கொண்டு தொலையேன்டா, அம்பாசமுத்திரத்தில் நாற்காலி காத்துக்கொண்டிருக்கிறது என்று மனசுக்குள் கத்தினேன். கடைசியில் வெளியே வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணாந்தேதி வரச் சொல்லிட்டாங்க."

"அந்தச் சிவப்புத் தொட்டி?"

"அது இருக்கும். அத விட்டுக்குடுக்க முடியுமால?"

அவன் காலி செய்துபோன அன்று ஓனரம்மா பாயசம் வைத்தார். சந்தோஷத்தில் வைத்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் மாடிக்கு வந்து, கதவருகே கொஞ்ச நேரம் நின்று, "சத்தமே இல்லாம ஒரு மாதிரி கீதுபா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நாளில் எனக்கும் கம்பெனியில் கைகுலுக்கினார்கள். வேலையில்லாமல் விழுப்புரத்தில் ஆறேழு மாதம் சும்மா கிடந்தும் கவலையில் நடுங்கிக்கொண்டிருந்தேன், அவன் கேமில் முதலில் நடுங்கிய டம்ளர்களைப் போல.

அந்தச் சமயத்தில் டமால் போன் செய்தான். கேம் வெளியாகிவிட்டதாம், இறக்கிப் பார்க்கச் சொன்னான். என் பட்டன் போனில் அவனோடு பேசியபடியே, தம்பியின் போனை வாங்கி இறக்கிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம், முறுக்கு, கரைந்த சோப்பு, சாம்பார்க் குண்டான், எங்கள் அறையே மேலிருந்து விழுந்தது. தவறவிட்டவை எல்லாம் சட்டப்படி சிவப்புத் தொட்டிக்குப் போயின. நடுவே ஒரு போன் விழுந்தது. கண்ணாடியில் சிலந்திவலை. நான் பதறிப்போய்ச் சாய்த்துப் பிடித்துவிட்டேன்.

"டேய், அந்தப் போன்..." என்றேன்.

"அது தரையில விழுந்தாலும் தொட்டிக்குப் போவாதுல. அது ஒண்ணு மட்டும் திரும்ப லைனுக்கு வந்துரும். அப்படி வச்சுருக்கேன். நீ பதறாம வெளாடு."

அந்தக் கேமை இன்றும் வைத்திருக்கிறேன். அந்தப் போன் கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இதுவரை அதை ஒருமுறைகூட நான் கீழே விட்டதில்லை.